குறைமாதப் பிள்ளைக்கு ‘ஸ்ட்ரோக்’: மூளைக்குள் உடையும் புது வரம்பு

“எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் பிரஷர் இல்லை. பிறந்து மூண்டு நாள் பிள்ளைக்கு எப்பிடி ஸ்ட்ரோக் வரும்?”

குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீடுகளில் எழும் கேள்வி இது. பி.பி.யு. எனப்படும் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இருந்து வீட்டுக்கு வரும்போது கையில் தரும் டயக்னோசிஸ் காட் எனப்படும் நோய் விபர அட்டையில் ‘ஐ.வி.எச். கிரேட் 2’ என்றோ ‘பி.வி.எல்.’ என்றோ ஒரு வரி இருக்கும். உறவுக்காரர் யாராவது அதைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “மூளையில இரத்தக் கசிவாம், ஸ்ட்ரோக்காம்” என்பார். ஸ்ட்ரோக் என்றால் பாரிசவாதம். பாரிசவாதம் என்றால் ஒரு பக்கம் இழுத்துப்போய்ப் படுக்கையில் கிடந்த அப்பப்பா. அந்தப் படம்தான் எல்லார் மனதிலும் வருகிறது.

சொல் ஒன்றுதான், சங்கதி வேறு. அப்பப்பாவுக்கு நடந்தது அறுபது, எழுபது வருடம் ஓடித் தேய்ந்த குழாயில் வந்த அடைப்பு அல்லது உடைப்பு. குறைமாதப் பிள்ளைக்கு நடப்பது இன்னும் கட்டி முடியாத இடத்தில் வரும் உடைப்பு. தேய்மானத்துக்கும் கட்டுமானம் முடியாமைக்கும் உள்ள இந்த வித்தியாசம் பிடிபட்டால், ஏன் இது முதல் சில நாட்களிலேயே வருகிறது, எதைச் செய்தால் குறைக்கலாம், வன்னியில் இது ஏன் மருந்துக் கணக்கைவிட வீதிக் கணக்காக மாறுகிறது என்பதெல்லாம் விளங்கும்.

## முதலில் சில சொற்கள்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ணினால் கர்ப்பம் 40 கிழமை. 37 கிழமை முடிய முன்னர் பிறந்தால் குறைமாதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் 1 கோடி 34 இலட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தார்கள்; பத்துப் பிரசவத்துக்கு ஏறக்குறைய ஒன்று. ஆனால் இவர்களில் பெரும்பாலானோர் 32 கிழமை தாண்டியவர்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் ஆபத்து குறைவு. இங்கே பேசுவது முக்கியமாக 32 கிழமைக்கு முன் பிறந்த, 1500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பற்றி. 28 கிழமைக்கும் முன் என்றால் ஆபத்து இன்னும் கூட.

ஊரில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: ஏழாம் மாதத்தில் பிறந்தது தப்பும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தப்பாது என்று. எங்கிருந்து வந்ததோ தெரியாது, உடம்பின் கணக்கு நேர் எதிர். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு கிழமையும் மூளைக்கு இலாபம். ஏழாம் மாதம்தானே, பயமில்லை என்று வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் இருக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்ட்ரோக் என்பது மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமலோ, குழாய் உடைந்து இரத்தம் வெளியே வந்தோ அந்தப் பகுதி சேதமடைவது. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கும் இது வரலாம். சில ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்ற அளவில், மூளைக்குப் போகும் நாடியில் இரத்தக் கட்டி அடைத்து, முதல் ஓரிரு நாட்களில் ஒரு கையோ காலோ மட்டும் துடிக்கும் வலிப்பாக அது வெளிப்படும். குறைமாதப் பிள்ளைகளில் அதிகம் காணப்படுவது அந்த வகை அல்ல. அவர்களுக்கு வருவது பெரும்பாலும் மெல்லிய குழாய்களில் இருந்து கசியும் இரத்தம், அல்லது மூளையின் உட்பகுதிக்கு இரத்தம் எட்டாமல் போவது.

## கட்டி முடியாத இடம்

மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் உள்ளன. ஒவ்வோர் அரைக்கோளத்திலும் ஒன்றாக இருக்கும் பெரிய அறைகளின் அடிக்கரையில், கருவில் மட்டும் இருக்கும் ஒரு மெல்லிய படை உண்டு. மருத்துவர்கள் அதை ஜேர்மினல் மேட்ரிக்ஸ் என்பார்கள். நாற்றுமேடை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மூளைக் கலங்கள் பிறந்து, இங்கிருந்துதான் மேலே தங்கள் தங்கள் இடத்துக்கு நடக்கின்றன.

நாற்றுமேடைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆகவே இங்கே இரத்தக் குழாய்கள் அடர்த்தி. ஆனால் அவை தற்காலிகக் குழாய்கள்: சுவர் மெல்லியது, தாங்கிப்பிடிக்கும் தசையோ நாரோ இல்லை. நாற்றைப் பிடுங்கி நட்டபின் மேடைக்கு வேலை இல்லாதது போல, 32, 34 கிழமையளவில் இந்தப் படையும் சுருங்கி இல்லாமல் போகிறது. மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளையிடம் அது கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. அதனால்தான் இந்த வகைக் கசிவு 32 கிழமைக்குப் பின் அரிது.

28 கிழமையில் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் படை இன்னும் மறையாமல் இருக்கும். வயிற்றுக்குள் அதற்கு ஆபத்தில்லை. அங்கே எல்லாம் மெதுவாக, ஒரே சீராக ஓடுகிறது. சிக்கல், அந்தப் படையோடு வெளியே வந்து விழுவதில்தான்.

## துருசைப் பூட்ட ஆளில்லாத வாய்க்கால்

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், துருசில், அதாவது குளத்தின் மதகில், நிற்பவர் திறக்கிற அளவுதான் வாய்க்காலில் வரும். வளர்ந்தவரின் மூளையில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார். பிரஷர் ஏறினால் குழாய் தானே சுருங்கும், இறங்கினால் தானே விரியும். மூளைக்குப் போகும் இரத்தம் அதே அளவில் நிற்கும்.

மிகக் குறைமாதப் பிள்ளையிடம் அந்த ஆள் இன்னும் வேலைக்கு வரவில்லை. உடம்பின் பிரஷர் ஏறினால் மூளைக்குள்ளும் வெள்ளம், இறங்கினால் மூளையும் காயும். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது: காய்ந்து வெடித்த புது வரம்பில் திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் என்ன நடக்கும்?

இதில் அளவுகளையும் பார்க்கவேண்டும். ஒரு கிலோ பிள்ளையின் உடம்பில் உள்ள மொத்த இரத்தம் ஏறக்குறைய 90 மில்லிலீற்றர். ஒரு சின்னக் கிளாஸ் பிளேன்ரீ அளவு. பிரஷர் குறைந்துவிட்டது என்று பத்து மில்லிலீற்றர் சேலைனை விரைவாக ஏற்றினால், அது இருக்கிற இரத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கை ஒரே மூச்சில் சேர்ப்பது. இரத்தப் பரிசோதனைக்காக எடுக்கும் ஒன்றிரண்டு மில்லிலீற்றருக்கும் இங்கே கணக்கு உண்டு. சராசரிப் பிரஷர்கூட, 28 கிழமைப் பிள்ளைக்கு 28க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்றுதான் கட்டைக் கணக்காகப் பார்ப்பார்கள். நமக்குச் சராசரி 90 அளவில் நிற்கும்.

பிரஷரை ஏற்றி இறக்குபவை எவை? மூச்சு நின்று நின்று வருவது, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவது அல்லது மிகக் குறைவது, உடம்பு குளிர்வது, கிருமித் தொற்று, சுவாச இயந்திரத்தோடு பிள்ளை மல்லுக்கட்டுவது, நுரையீரல் கிழிந்து காற்று வெளியே வருவது, ஊசி, அழுகை, தூக்கிப் போடும் வீதி.

## மூன்று விதமான சேதம்

தண்ணீர் வயலைக் கெடுப்பதும் ஒரே மாதிரியாக இல்லையே. மூளையிலும் அப்படித்தான்.

1. வரம்பு உடைதல். நாற்றுமேடையின் குழாய் கிழிந்து இரத்தம் கசிகிறது. கொஞ்சமாக இருந்தால் அங்கேயே நிற்கும். கூடினால் பக்கத்தில் இருக்கும் நீரறைக்குள் பாயும். ஐ.வி.எச். என்பது இதுதான்.

2. கழிவு வாய்க்கால் அடைபடுதல். நாற்றுமேடை வழியாக ஒரு நாளம் போகிறது. மேலே, மூளையின் கட்டளைக் கம்பிகள் ஓடும் வெண்பகுதியில் இருந்து திரும்பும் இரத்தம் அதன் வழியேதான் வடியவேண்டும். கசிந்து உறைந்த இரத்தம் அந்த நாளத்தை நசுக்கினால், வடிய வழியின்றி மேல்வயலில் தேங்கி, அந்தப் பகுதி அழிகிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் நடக்கும். குறைமாதப் பிள்ளைகளில் ‘ஸ்ட்ரோக்’ என்ற சொல்லுக்கு மிகச் சரியாகப் பொருந்துவது இதுதான். நீரறையில் நிரம்பிய இரத்தம் மூளைக்குள் ‘பரவி’ வந்த கட்டம் இது என்று முன்னர் நினைத்தார்கள். இப்போது அதைத் தனிச் சேதமாகப் பார்க்கிறார்கள்.

3. கடைசி வயல் காய்தல். இரத்தம் உடையவே இல்லை, ஆனால் எட்டவும் இல்லை. மேலிருந்து வரும் குழாய்களின் நுனி முடியும் இடம் நீரறைகளைச் சுற்றியுள்ள வெண்பகுதி. வாய்க்காலில் நீர் குறையும்போது முதலில் காய்வது கடைசி வயல். தொற்று சேர்ந்தால் இன்னும் மோசம். இதன் பெயர் பி.வி.எல். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும்.

மூன்றாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூளையின் மேற்பரப்பில் இருந்து உடம்புக்கு இறங்கும் கட்டளைக் கம்பிகளில், காலுக்குப் போகும் கம்பிகள்தான் நீரறைக்கு மிக அருகில் ஓடுகின்றன. கைக்குப் போகிறவை கொஞ்சம் விலகி, முகத்துக்குப் போகிறவை இன்னும் விலகி. அதனால் நீரறையோரம் காய்ந்தால் முதலில் அடிபடுவது கால்கள். பேச்சும் கையும் ஓரளவு சரியாக இருக்க, இரண்டு காலும் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னி, நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்போம். அவர்களில் பலர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். காரணம் காலில் இல்லை.

## கிரேட் என்ற எண்

1978இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லூ-ஆன் பாப்பில் என்ற குழந்தை மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1500 கிராமுக்குக் குறைந்த 46 பிள்ளைகளின் மூளையை சி.டி. ஸ்கானில் பார்த்தார்கள். 20 பேரிடம் கசிவு இருந்தது. அதுவல்ல அதிர்ச்சி. கசிவோடு உயிர் பிழைத்த ஒன்பது பேரில் ஏழு பேரிடம் வெளியே எந்த அறிகுறியும் இருக்கவில்லை. அழவில்லை, வலிப்பில்லை, நிறம் மாறவில்லை. ஸ்கான் இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. இன்றும் அந்த அட்டையில் எழுதப்படும் நான்கு கிரேட்டுகள் அந்த ஆய்வில் இருந்து வந்தவை.

கிரேட் 1 என்றால் கசிவு நாற்றுமேடையோடு நின்றது. கிரேட் 2 என்றால் நீரறைக்குள் வந்தது, ஆனால் அறை வீங்கவில்லை. கிரேட் 3இல் அறை இரத்தத்தால் நிரம்பி வீங்கியிருக்கும். கிரேட் 4 என்பது மேலே சொன்ன இரண்டாவது வகை, மூளைப் பகுதியே சேதமானது.

முதல் இரண்டு கிரேட்டும் பெரும்பாலும் தானே கரைந்து போகும். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் மற்றப் பிள்ளைகள் போலவே நடந்து, பள்ளிக்கூடம் போவார்கள். கிரேட் 4இல் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் மூளை முடக்குவாதம், அதாவது மூளைச் சேதத்தால் கை கால் அசைவு பாதிக்கப்படும் நிலை, வரலாம். ஆனால் அந்த ‘ஏதோ ஓர் அளவு’ மிகப் பெரிய இடைவெளி: ஒரு கை கொஞ்சம் மந்தமாக இருப்பதும் அதில் அடங்கும், எழுந்து இருக்க முடியாமல் போவதும் அடங்கும். எந்த இடம், எவ்வளவு அகலம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதெல்லாம் எண்ணைவிட முக்கியம். அட்டையில் உள்ள கிரேட் எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லும் உறவினரை நம்பவேண்டாம். எண் மட்டும் தெரிந்த டொக்டராலேயே அதைச் சொல்ல முடியாது.

1980களில் 1500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளில் பத்துக்கு நான்கு, ஐந்து பேருக்கு ஏதாவது ஓர் அளவில் கசிவு வந்தது. இப்போது நல்ல பிரிவுகளில் நாலைந்து பேருக்கு ஒருவர். புதிதாக ஓர் அதிசய மருந்து வந்து இதைக் குறைக்கவில்லை. கசிந்த இரத்தத்தை நிறுத்தவோ கரைக்கவோ இன்றும் மருந்தில்லை. வளர்ந்தவருக்குப் போடும் கட்டி கரைக்கும் ஊசிக்கு இங்கே இடமே இல்லை. குறைந்தது, பிறக்க முன்னரும் பிறந்த உடனும் செய்யும் சின்னச் சின்ன வேலைகளால்.

## ஸ்கான் எப்போது?

குறைமாதப் பிள்ளையின் மூளையைப் பார்க்க சி.டி. தேவையில்லை. உச்சிக்குழியில் எலும்பு இன்னும் மூடாததால், அதன் மேல் ஜெல் பூசி, தாயின் வயிற்றைப் பார்த்த அதே வகை அல்ட்ராசவுண்ட் ஸ்கானால் உள்ளே பார்க்கலாம். கதிர்வீச்சு இல்லை, பிள்ளையை இன்குபேட்டரில் இருந்து எடுக்கவும் வேண்டாம்.

கசிவில் ஏறக்குறைய பாதி முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளும், பத்தில் ஒன்பது பங்கு முதல் 72 மணித்தியாலத்துக்குள்ளும் நடந்துவிடுகிறது. ஆகவே முதல் மூன்று நாளில் ஒன்று, ஒரு கிழமையில் ஒன்று பார்ப்பார்கள். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். முதல் கிழமை ஸ்கான் சுத்தமாக இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது பிழை. மூன்றாவது வகைச் சேதம், அந்தக் காய்ந்த கடைசி வயல், ஸ்கானில் குழி குழியாகத் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். ஒரு மாத ஸ்கானும், பிறக்கவேண்டிய திகதியை ஒட்டி எடுக்கும் ஸ்கானும் அதற்குத்தான். அறுவடை நேரம், பஸ் இல்லை, பிள்ளை நல்லாத்தானே பால் குடிக்குது என்று தவறவிடப்படுவது அநேகமாக இந்தக் கடைசி ஸ்கான்தான்.

## எழுபத்திரண்டு மணித்தியாலம்

“தொடக்கூட விடுறாங்கள் இல்லை” என்பது பி.பி.யு. வாசலில் கேட்கும் வழக்கமான முறைப்பாடு. அதன் பின்னால் இருப்பது மேலே சொன்ன பிரஷர் கணக்கு.

பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமளவாவது பொறுத்தால், நச்சுக்கொடியில் நிற்கும் பிள்ளையின் இரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும். 32 கிழமைக்குக் குறைந்த பிள்ளையை ஈரம் துடைக்காமலே கழுத்துவரை சுத்தமான பொலித்தீன் பைக்குள் விட்டு, தலைக்குத் தொப்பி போடுவார்கள். பார்த்தவர்களுக்கு மனம் பதறும்; ஆனால் உடம்பு வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே போகாமல் காக்க இதைவிட மலிவான வழி இல்லை. அப்புறம் வேலைகளைச் சேர்த்துச் செய்வது: நப்கின், ஊசி, அளவு எல்லாம் ஒரே தடவையில், மெதுவாக. நப்கின் மாற்றும்போது கால்களைத் தூக்கிப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அந்த இரத்தம் தலைக்குப் பாயும். தலையை ஒரு பக்கம் திருப்பாமல் நேராக வைப்பதும் பல இடங்களில் வழக்கம். கழுத்து நாளம் மடங்கினால் தலையில் இருந்து இரத்தம் வடிவது தடைப்படும் என்பது அதன் நியாயம். இதற்கான ஆய்வுச் சான்று உறுதியானது என்று சொல்ல முடியாது, ஆனால் செய்வதால் நட்டமும் இல்லை.

அதற்காகத் தாயைத் தள்ளி வைப்பதுதான் பாதுகாப்பு என்றும் இல்லை. கங்காரு முறை, அதாவது தாயின் வெறும் நெஞ்சோடு பிள்ளையைக் கட்டி வைப்பது, 1978இல் கொலம்பியாவின் பொகொட்டாவில் இன்குபேட்டர் போதாத நிலையில் தொடங்கியது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்த சிறிது நேரத்திலேயே இப்படி வைத்தால் முதல் மாத இறப்பு கால் பங்கு குறைந்ததை இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. உடனடியாகத் தொடங்குவதை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பி.பி.யு. வாசலில் நிற்கும் தாய், “எப்ப நெஞ்சில வைக்கலாம், மிஸ்?” என்று முதல் நாளே கேட்பதில் பிழையே இல்லை.

## பிறக்க முந்திய மணித்தியாலங்கள்

பலன் கூடிய வேலை பிள்ளை பிறக்க முன்னர் நடப்பது.

1. தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி. 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரு மருத்துவர்கள் இதை நிறுவினார்கள். பிள்ளையின் நுரையீரலைப் பழுக்க வைக்கப் போடுவது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மூளைக் கசிவையும் அது குறைக்கிறது. டெக்ஸாமெதசோன் என்றால் 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பீற்றாமெதசோன் என்றால் 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு. முதல் ஊசி போட்டு ஒரு நாள் தாண்டி, ஒரு கிழமைக்குள் பிள்ளை பிறந்தால் முழுப் பலன். சில மணித்தியாலம் கிடைத்தாலும் ஓரளவு பலன் உண்டு.

2. மக்னீசியம் சல்பேற்று. 32 கிழமைக்கு முன் பிரசவம் தவிர்க்க முடியாது என்றானபின் தாய்க்கு நாளத்தில் ஏற்றுவது. கசிவை இது நிறுத்துவதில்லை. பின்னாளில் மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

3. பிள்ளையை வயிற்றோடு அனுப்புதல். குறைமாதப் பிள்ளையைப் பார்க்க வசதி கூடிய வைத்தியசாலைக்குப் பிறக்க முன்னரே தாயை மாற்றுவது. பிறந்தபின் அம்புலன்சில் மாற்றப்படும் பிள்ளைகளுக்குக் கடும் கசிவு கூடுதலாக வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கருப்பையைப் போல ஓர் இன்குபேட்டர் இல்லை.

இந்த மூன்றுக்கும் ஒரு நிபந்தனை: இப்போது சரியாக எத்தனை கிழமை என்பது தெரியவேண்டும். வயிற்றின் பருமனைப் பார்த்தோ, ‘தைப்பொங்கலுக்கு முந்தி குளிக்காமல் விட்டது’ என்ற நினைவை வைத்தோ 29 கிழமையா 33 கிழமையா என்று பிரிக்க முடியாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கான்தான் அதைச் சொல்லும். கிளினிக் கொப்பியில் அந்த ஒரு திகதி எழுதப்பட்டிருந்தால், நடுச்சாமத்தில் வாட்டுக்கு வரும் வி.ஓ.ஜி.யின், அதாவது மகப்பேற்று வைத்திய நிபுணரின், பாதி வேலை முடிந்தது.

## வன்னியின் வீதிக் கணக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையிலேயே நடக்கிறது, காசும் இல்லை. ஆகவே வன்னியின் சிக்கல் ‘ஆஸ்பத்திரி இல்லை’ என்பதல்ல. சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்வது.

முல்லைத்தீவில் இருந்து பரந்தனுக்கு ஏ35 வீதியில் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அங்கிருந்து ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இன்னும் 60. இது வீதிக்கு ஏறிய பிறகு உள்ள கணக்கு. ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ உள்ளே, காட்டோரக் குடியேற்றத்தில் இருந்து தார்வீதிக்கு வருவதே தனிப் பயணம். இரவில் யானை நிற்கும். மாரியில் தாம்போதியின் மேலால் தண்ணீர் பாயும். மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு வாகனம் இல்லாத வீட்டில், விடியட்டும் என்று இருப்பதில் வியப்பில்லை.

அந்த விடியும்வரை உள்ள ஐந்தாறு மணித்தியாலம்தான் ஸ்டீரொயிட் ஊசிக்குத் தேவைப்பட்ட நேரம்.

ஆகவே 37 கிழமைக்கு முன் பின்வரும் எதுவும் வந்தால் வலி கூடட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது: வயிறு கல்லுப் போல இறுகி இறுகி விடுவது, கீழிடுப்பு நோ விட்டு விட்டு வருவது, பன்னீர் கசிவது (கொஞ்சமாக ஈரம் பட்டாலும்தான்), இரத்தம் படுவது, விடாத தலையிடியோடு கண் மங்குவது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது. போனில் முதலில் சொல்லவேண்டியது ஊர்ப் பெயரும் கிழமைக் கணக்கும்.

வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஐந்தாம் மாதமளவிலேயே பேசி வைக்கவேண்டிய விடயமும் உண்டு. முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தால், இரட்டைப் பிள்ளை என்றால், பிரஷர் இருந்தால், வெள்ளம் வரும் கார்த்திகை, மார்கழியில் எங்கே தங்குவது? தார்வீதிக்குக் கிட்ட இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் சில கிழமை இருப்பது, எந்த இயந்திரத்துக்கும் குறையாத சிகிச்சை.

## யாரில் பிழை?

தாயில் இல்லை. மோட்டார் சைக்கிளில் கிளினிக் போனதாலோ, அன்னாசி தின்றதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, சண்டை பிடித்து அழுததாலோ மூளையில் இரத்தம் கசிவதில்லை. குறைமாதப் பிரசவத்துக்குத் தெரிந்த காரணங்கள் தொற்று, உயர் குருதியமுக்கம், இரட்டை, கருப்பை வாய் பலவீனம் போன்றவை. பல வேளைகளில் காரணம் பிடிபடுவதே இல்லை. கசிவுக்குக் காரணம் அந்தப் படை இன்னும் மறையாமல் இருந்தது. கழிப்புக் கழித்து நூல் கட்டுவது வீட்டார் விருப்பம். ஆனால் உச்சிக்குழியில் எண்ணெய் வைத்து அழுத்துவதும், ‘தலை வடிவாக வரட்டும்’ என்று பிடித்துவிடுவதும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

## வீட்டுக்கு வந்தபின் பார்க்கவேண்டியவை

முதல் சில மாதங்களுக்குத் தலை. நீரறைக்குள் உறைந்த இரத்தம் நீர் வடியும் வழியை அடைத்தால், நீர் தேங்கித் தலை பெருக்கும். கிரேட் 3, 4 பிள்ளைகளுக்கு இது முக்கியம். குறைமாதப் பிள்ளையின் தலைச்சுற்றளவு கிழமைக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்வரை கூடலாம். அதைத் தாண்டி விரைவாகக் கூடினாலோ, உச்சிக்குழி புடைத்து நின்றாலோ, வாந்தி எடுத்தாலோ, கண்மணி கீழ்நோக்கி இறங்கி மேலே வெள்ளை தெரிந்தாலோ அடுத்த கிளினிக்வரை காத்திருக்கக் கூடாது. தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடிக்க ஒரு மெல்லிய குழாய் வைக்கும் சத்திரசிகிச்சை உண்டு. வன்னியில் இருந்து அதற்காகக் கொழும்புச் சிறுவர் வைத்தியசாலைவரை போகவேண்டி வந்தால் முந்நூறு கிலோமீற்றர் அளவிலான பயணம் அது. முந்திக் கண்டுபிடித்தால் ஆறுதலாக ஆயத்தம் செய்து போகலாம்.

அடுத்தது வயதுக் கணக்கு. 28 கிழமையில் பிறந்த பிள்ளை 12 கிழமை முந்தி வந்தது. நாட்காட்டிப்படி ஆறு மாதம் என்றால், திருத்திய வயது மூன்று மாதம்தான். கழுத்து நிற்பது, பிரளுவது, இருப்பது எல்லாவற்றையும் இந்தத் திருத்திய வயதில்தான் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தவிக்கவேண்டாம். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த திகதிதான் கணக்கு. அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

திருத்திய வயதில் நாலு மாதம் தாண்டியும் கழுத்து விழுவது, பெருவிரலை உள்ளே மடித்துக் கையைப் பொத்தியே வைத்திருப்பது, நப்கின் மாற்றும்போது கால்கள் விரியாமல் விறைப்பது, ஒன்பது மாதத்திலும் தனியே உட்கார்ந்து இருக்காதது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளையை ஒரு தரம் காட்டிவிடுவது நல்லது. மூளை முடக்குவாதம் என்று பெயர் வைக்க இரண்டு வயதுவரை பொறுக்கும் பழைய வழக்கம் மாறிவிட்டது. ஆபத்துள்ள பிள்ளைகளில் ஆறு மாதத்துக்கு முன்னரே ஊகிக்கலாம். பிசியோதெரபி தொடங்கப் பெயர் தேவையும் இல்லை. கிழமைக்கு ஒரு நாள் கிளினிக்கில் அரை மணித்தியாலம் செய்வதைவிட, அங்கே காட்டித் தருவதைக் குளிப்பாட்டும்போதும், உடுப்பு மாற்றும்போதும், பாயில் விளையாட விடும்போதும் வீட்டில் ஒவ்வொரு நாளும் செய்வதுதான் பிள்ளைக்குச் சேரும்.

கடைசியாக, மிக எளிதில் தவறவிடப்படும் அறிகுறி. எட்டு மாதத்தில் பிள்ளை கிலுகிலுப்பையை எப்போதும் வலது கையாலேயே எட்டி எடுக்கிறது. “இப்பவே சோத்துக்கை வந்திட்டுது, கெட்டிக்காரன்” என்று அம்மம்மா சந்தோசப்படுவார். ஒரு வயதுக்கு முன் எந்தப் பிள்ளைக்கும் கை வழக்கம் வருவதில்லை. வலது கை அவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பது, இடது கை வரமறுப்பதால் இருக்கலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம்: பிள்ளையை மடியில் நேராக இருத்தி, வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, கிலுகிலுப்பையை இடது பக்கம் காட்டுங்கள். இடது கை நீண்டு வருகிறதா, விரல்கள் விரிகின்றனவா, அல்லது பிள்ளை உடம்பை முறுக்கி மறுபடியும் வலது கையைத்தான் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால், அடுத்த கிளினிக்கில் அதை டொக்டருக்குச் செய்தே காட்டுங்கள்.